எம்.பி.க்கு ஏர்போர்ட்டில் சோதனை உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். நாடாளுமன்றச் சிறப்புரிமை பாடம் வரும் நாளில் வகுப்பு எப்படியும் விமான நிலையத்துக்குப் போய்விடும். யாரோ ஒரு எம்.பி. சோதனையில் தகராறு செய்த செய்தியை யாராவது எடுத்துவிடுவார்கள், அப்புறம் ஒரு மணி நேரம் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எம்.பி.ன்னா ஏர்போர்ட்ல செக்கிங்கே கிடையாதாமே, நிஜமா சார்?

இல்லை. மக்களவை உறுப்பினரானாலும் மாநிலங்களவை உறுப்பினரானாலும், அந்தப் பதவிக்காக மட்டும் பாதுகாப்புச் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது. கைப்பை எக்ஸ்ரே கருவிக்குள் போக வேண்டும், ஆள் மெட்டல் டிடெக்டர் வாசல் வழியே வர வேண்டும், சத்தம் வந்தால் கையை விரித்து நிற்க வேண்டும்.

இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். மதுரை விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர் அப்போது பதவியில் இருந்த ஒரு எம்.பி. வெள்ளை வேட்டி, இடுப்பில் நம் ஊர்க்காரர்கள் கட்டும் அகலமான பச்சை பெல்ட். வாசலைத் தாண்டியதும் கருவி கத்தியது. இருபத்தைந்து வயது இருக்கும், வடநாட்டுக் காவலர், "சார், பெல்ட்" என்றார். எம்.பி. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெல்ட்டைக் கழற்றி, அதன் பையில் இருந்த சில்லறையோடு ட்ரேயில் வைத்துவிட்டுத் திரும்ப வந்து நின்றார். கூட வந்த கட்சிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எம்.பி. அவரைக் கையமர்த்தினார். அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குக் கூடிப்போனது.

அப்போ விலக்கு லிஸ்ட்னு ஒண்ணு இருக்கே, அதுல யார் யார் இருக்காங்க?

இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, அதாவது பி.சி.ஏ.எஸ்., வெளியிடும் பட்டியல் அது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், முன்னாள் குடியரசுத் தலைவர்கள், இந்தியத் தலைமை நீதிபதி, உச்ச நீதிமன்ற நீதிபதிகள், மக்களவை சபாநாயகர், கேபினட் தகுதியுள்ள மத்திய அமைச்சர்கள், மாநில முதல்வர்கள், இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்கள், தலைமைத் தேர்தல் ஆணையர், பாரத ரத்னா பெற்றவர்கள், தலாய் லாமா என்று அது போகிறது.

பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். சபாநாயகர் இருக்கிறார், சாதாரண எம்.பி. இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் இருக்கிறார், அவர் பின்னால் உட்காரும் உறுப்பினர் இல்லை. இது அரசு போட்ட நிர்வாகப் பட்டியல். பெயரைச் சேர்க்கவும் முடியும், எடுக்கவும் முடியும். ஒரு காலத்தில் பதவி எதுவும் இல்லாத, சோனியா காந்தியின் மருமகன் ராபர்ட் வதேராவின் பெயர்கூட இதில் இருந்தது. விமான நிலையப் பலகைகளில் எழுதிப் போட்டிருந்ததால் பலரும் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். 2015 செப்டம்பரில் நீக்கினார்கள். நாடாளுமன்றச் சிறப்புரிமையாக இருந்தால் இப்படி ஒரு சுற்றறிக்கையால் வராது, போகாது.

சோதனை போடுறதுக்கு இந்தக் காவலர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நாடாளுமன்றம்தான் கொடுத்தது. அந்த அதிகாரம் விமானச் சட்டத்திலிருந்தும், அதன் கீழ் வந்த விமானப் பாதுகாப்பு விதிகளிலிருந்தும் வருகிறது. 1934-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் பாரதிய வாயுயான் அதிநியம் நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம் எம்.பி.க்களையும் கட்டுப்படுத்துகிறது.

இப்போதுள்ள ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. பி.சி.ஏ.எஸ். 1978-ல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். வெடிகுண்டு வந்தது ஒரு பெட்டியில், அந்தப் பெட்டிக்கு உரியவர் விமானத்தில் ஏறவே இல்லை. அதன் பிறகு, 1987 ஏப்ரலில், பி.சி.ஏ.எஸ். தனி அமைப்பானது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த ஐ.சி. 814 கடத்தப்பட்டு காந்தஹார் போனது. அடுத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே, 2000 பிப்ரவரியில், ஜெய்ப்பூரில் தொடங்கி சி.ஐ.எஸ்.எஃப். எனும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களை ஏற்றது. அந்த ட்ரேக்களுக்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருக்கின்றன. வகுப்பில் இதை நான் அவசரமாகச் சொல்லிக் கடப்பதில்லை.

ஆனா எம்.பி.க்கு தனி லவுஞ்ச், வரிசையில முன்னாடி விடுறது எல்லாம் இருக்கே?

இருக்கிறது. அது மரியாதை. எம்.பி.க்கு உதவ ஆள் வேண்டும், ஓய்வறை தர வேண்டும், காக்க வைக்காமல் அனுப்ப வேண்டும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் அறிவுறுத்தியிருக்கிறது. ஆண்டுக்கு 34 விமானப் பயணங்களை அரசே ஏற்கிறது. இது சம்பளம் மற்றும் படிகள் சட்டத்தில் வருவது. பாதி நேரம் தில்லியிலும் பாதி நேரம் தொகுதியிலும் இருக்க வேண்டியவருக்கு இது தேவைதான்.

வரிசையில் முன்னால் விடலாம், சோதனை இல்லாமல் விடக்கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு வருகிறது.

சிறப்புரிமைன்னா அப்போ என்னதான் சார்? ஒரு வரியில சொல்லுங்க.

அவை தன் வேலையை யாருக்கும் பயப்படாமல் செய்ய, அவைக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் கொடுத்திருக்கும் பாதுகாப்பு. நாடாளுமன்றத்துக்கு அரசியலமைப்பின் 105-ஆவது பிரிவு, சட்டமன்றங்களுக்கு 194-ஆவது பிரிவு. அவையில் பேசியதற்காகவும் ஓட்டுப் போட்டதற்காகவும் உறுப்பினர்மேல் வழக்குப் போட முடியாது என்பதுதான் இதன் உயிர்நாடி. அந்த ஓட்டுக்காகவோ பேச்சுக்காகவோ லஞ்சம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1998-ல் வந்த நரசிம்ம ராவ் வழக்குத் தீர்ப்பை அது மாற்றியது.

மற்ற சிறப்புரிமைகளை இன்றுவரை முழுதாகச் சட்டமாக எழுதவில்லை. 1950-ல் பிரிட்டிஷ் மக்களவைக்கு என்னென்ன இருந்ததோ அவையே என்று தொடங்கினோம். எழுதாமல் விட்டதால்தான் ஆளாளுக்கு ஒரு கற்பனை. எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூட்டத்தொடர் நடக்கும்போது, முன்னாடி 40 நாள், பின்னாடி 40 நாள் எம்.பி.யைக் கைது பண்ண முடியாதுன்னு கைடுல இருக்கே?

கைடில் பாதிதான் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 135ஏ பிரிவு சொல்வது உரிமையியல் வழக்கில் கைது செய்வதைப் பற்றி. கடன் பாக்கி மாதிரியான விவகாரத்தில் நீதிமன்ற ஆணையை வைத்துப் பிடித்து வைக்க முடியாது. குற்ற வழக்குக்கு இந்த 40 நாள் கணக்கு பொருந்தவே பொருந்தாது. கைது செய்தால் அவைத் தலைவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், அவை வளாகத்துக்குள் அவர் அனுமதியில்லாமல் கைது செய்யக்கூடாது, இவைதான் கட்டுப்பாடு.

2022 ஆகஸ்ட் 5 அன்று, மாநிலங்களவைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு இதை அவையிலேயே சொன்னார். கூட்டத்தொடர் நடக்கும்போது விசாரணை அமைப்புகள் எதுவும் செய்ய முடியாது என்று உறுப்பினர்கள் நினைப்பது தவறு, குற்ற வழக்குகளில் எம்.பி.யும் சாதாரணக் குடிமகனும் ஒன்றே என்றார். விமான நிலையத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஹாசன் தொகுதி எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணா 2024 மே 31 அன்று நள்ளிரவு தாண்டி ஜெர்மனியிலிருந்து பெங்களூருவில் இறங்கியதும், பாலியல் வன்கொடுமை வழக்கில் அங்கேயே கைதானார். அப்போது அவர் எம்.பி.தான்.

தடுப்புக் காவல்ல வெச்சா? அது குற்ற வழக்கே இல்லையே?

நல்ல கேள்வி, இதற்குப் பதில் நம் ஊரிலிருந்தே வந்தது. திருச்சி எம்.பி. ஆனந்த நம்பியாரையும் புதுக்கோட்டை எம்.பி. உமாநாத்தையும் 1960-களின் நடுவில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தடுப்புக் காவலில் வைத்தது அன்றைய சென்னை அரசு. மக்கள் தேர்ந்தெடுத்த எங்களை அவைக்குப் போகவிடாமல் அடைத்து வைப்பது செல்லாது என்று இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். சட்டப்படி காவலில் வைக்கப்பட்டவர், எம்.பி. என்ற காரணத்தைக் காட்டி வெளியே வர முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விசாரணையே இல்லாத தடுப்புக் காவல் எனக்கு உடன்பாடானது இல்லை. ஆனாலும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது, மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி சார், கூட்டத்தொடருக்குப் போற எம்.பி.யை செக்கிங்ல நிறுத்தி வெச்சா, அதுவும் ஒரு வகையில கைதுதானே? அவைக்குப் போறதைத் தடுக்குறதுதானே?

இதே வாதம் அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. 2012 ஜனவரி 23, நாஷ்வில் விமான நிலையம். செனட்டர் ரேண்ட் பால் வாஷிங்டன் போகக் கிளம்பினார். ஸ்கேனர் அவர் காலில் ஏதோ இருப்பதாகக் காட்டியது. உடலைத் தடவிச் சோதிக்க வேண்டும் என்றார்கள். அவர் மறுத்தார், மறுபடி ஸ்கேனரில் போகிறேன் என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. விமானம் போய்விட்டது. பிறகு திரும்ப வந்து ஸ்கேனரில் நடந்தபோது எதுவும் காட்டவில்லை, அடுத்த விமானத்தில் போனார். என்னைப் பிடித்து வைத்தார்கள் என்றார் அவர். பிடித்து வைக்கவில்லை, வெளியே அழைத்துப் போனோம் என்றது அரசுத் தரப்பு.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவில், அவைக்குப் போகும்போதும் வரும்போதும் உறுப்பினரைக் கைது செய்யக்கூடாது என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. தேசத்துரோகம், பெருங்குற்றம், அமைதிக்குலைவு ஆகியவற்றுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் 1908-ல் வில்லியம்சன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு இல்லாத இந்த மூன்றில் எல்லாக் குற்றங்களும் அடங்கும் என்று சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது உரிமையியல் கைது மட்டும்தான். நாமும் அவர்களும் லண்டனிலிருந்து எடுத்துவந்த சரக்கு ஒன்றே, அதனால் வந்து சேர்ந்த இடமும் ஒன்றே.

என் பதில் இதுதான். சோதனை கைது ஆகாது. கைதானவர் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. சோதனைக்கு மறுத்தவர் விமானத்தில் மட்டும் ஏற முடியாது. அவருக்கு ரயில் இருக்கிறது, கார் இருக்கிறது, ஒரு நிமிடம் கையை விரித்து நிற்கும் வழியும் இருக்கிறது. ஆனால் ஓட்டெடுப்புக்குப் போகவிடக்கூடாது என்றே திட்டம் போட்டு ஒரு எம்.பி.யை மணிக்கணக்கில் உட்கார வைத்தால் கதை வேறு. உறுப்பினரை அவைக்கு வரவிடாமல் வேண்டுமென்றே இடைஞ்சல் செய்வது அவை அவமதிப்பாகலாம். எல்லோருக்கும் செய்யும் சோதனையா, அவருக்கென்று செய்த தொல்லையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போ நாடாளுமன்ற வாசல்ல சி.ஐ.எஸ்.எஃப். நிறுத்தினதுக்கு தி.மு.க. எம்.பி. ஏன் புகார் கொடுத்தார்? அதுவும் அதே படைதானே?

படை ஒன்று, வாசல் வேறு. 2023 டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்துப் புகைக் குப்பி வீசினார்கள் அல்லவா, அதன் பிறகு 2024 மே மாதம் நாடாளுமன்ற வளாகக் காவல் சி.ஐ.எஸ்.எஃப். கைக்குப் போனது. ஜூன் மாதம் மாநிலங்களவை உறுப்பினர் எம்.எம். அப்துல்லாவை நிறுத்தி, எதற்கு வந்தீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவர் அவைத் தலைவருக்கு எழுதினார். எழுதியது மிகச் சரி என்பேன்.

நாடாளுமன்றத்துக்கு எம்.பி. எதற்கு வருகிறார் என்று கேட்க அரசின் காவலருக்கு என்ன இருக்கிறது? அது அவருடைய இடம், மக்கள் அனுப்பிய இடம். சிறப்புரிமை முழு பலத்தோடு நிற்பது அந்த வாசலில்தான். விமான நிலைய வாசலில் அவர் பயணி. பக்கத்து இருக்கையில் உட்காரப் போகும் குழந்தைக்கு என்ன பாதுகாப்பு வேண்டுமோ அதுவே அவருக்கும் வேண்டும்.

எம்.எல்.ஏ.க்கு?

எம்.பி.க்குச் சொன்ன அதே பதில். 194-ஆவது பிரிவு, அதே 40 நாள், அதே குற்ற வழக்கு விதி. விலக்குப் பட்டியலில் முதல்வர் இருக்கிறார், எம்.எல்.ஏ. இல்லை.

கூட வர்ற பாதுகாவலர் துப்பாக்கியோட ஏறலாமா? எம்.பி.க்கே லைசென்ஸ் துப்பாக்கி இருந்தா?

பயணிகள் அறைக்குள் கூடாது. உரிமம் உள்ள ஆயுதம் என்றால் முன்கூட்டியே சொல்லி, தோட்டாவை எடுத்துவிட்டு, காகிதங்களைக் காட்டி, சரக்குப் பகுதியில் போகிற பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். பிரதமருக்கான எஸ்.பி.ஜி. காவல் தனி விஷயம்.

மறதியில் நடப்பதும் உண்டு. 2024 ஜூனில் சென்னை விமான நிலையத்தில் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் பையில் 40 தோட்டாக்கள் கிடைத்தன. உரிமம் இருந்தது, அவசரத்தில் பையைப் பார்க்காமல் எடுத்து வந்துவிட்டேன் என்றார். அன்றைய பயணம் ரத்தானது. அவர் உள்நோக்கத்தோடு செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. நல்லவரின் பையிலும் தோட்டா இருக்கலாம் என்பதால்தானே எல்லோர் பையையும் பார்க்கிறார்கள்.

அப்துல் கலாமையே சோதனை போட்டாங்களே, அது மட்டும் சரியா?

சரியில்லை. 2009 ஏப்ரலில் தில்லி விமான நிலையத்தில், அமெரிக்கா கிளம்பிய அவரை கான்டினென்டல் விமான நிறுவன ஊழியர்கள் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் என்ற முறையில் அவர் விலக்குப் பட்டியலில் இருந்தார், நடந்தது இந்திய மண்ணில். ஜூலையில் விஷயம் வெளியே வந்து மாநிலங்களவையில் எழும்பியது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011-ல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு அவருடைய கோட்டையும் காலணியையும் வாங்கிப் போய்ச் சோதித்தார்கள். அதற்கு அமெரிக்க அரசே வருத்தம் தெரிவித்தது.

ராமேஸ்வரத்துப் பிள்ளைக்கு அப்படி நடந்தது நமக்கெல்லாம் வலித்தது. ஆனால் 2009-ல் சோதித்தபோது அவர் எதிர்ப்புக் காட்டவில்லை, வெளியே சொல்லவும் இல்லை. விலக்கு இருந்தவர் அப்படி நடந்துகொண்டார் என்பதை விலக்கு இல்லாதவர்களும் நினைத்துப் பார்க்கலாம்.

எம்.பி.கிட்ட டிப்ளமாடிக் பாஸ்போர்ட் இருக்கே, வெளிநாட்டுல அது காப்பாத்தாதா?

அந்தக் கடவுச்சீட்டு விசா விஷயத்தில் சில நாடுகளில் உதவும். தூதருக்குரிய சட்டப் பாதுகாப்பு அதிலிருந்து வராது, தூதராக நியமித்து அந்த நாடு ஏற்றுக்கொண்டால்தான் வரும். நம் நாட்டுச் சிறப்புரிமையும் எல்லை தாண்டாது. அமெரிக்காவில் சொந்த நாட்டு செனட்டரான எட்வர்ட் கென்னடியே, கண்காணிப்புப் பட்டியலில் இருந்த வேறொரு பெயரோடு தன் பெயர் ஒத்துப்போனதால் பலமுறை நிறுத்தப்பட்டதாக 2004-ல் செனட் விசாரணையில் சொன்னார்.

வி.ஐ.பி. வழியில சோதனை கொஞ்சம் குறைஞ்சா என்ன கெட்டுப் போயிடும்?

இலங்கையில் என்ன ஆனது என்று பாருங்கள். 2023 மே மாதம் புத்தளம் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் அலி சப்ரி ரஹீம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் முக்கியப் பிரமுகர் வழியாக வந்தபோது, சுங்க அதிகாரிகள் அவரிடம் மூன்று கிலோவுக்கு மேல் தங்கத்தையும் 91 செல்பேசிகளையும் பிடித்தார்கள். 75 லட்சம் இலங்கை ரூபாய் அபராதம். கட்டிவிட்டு வெளியே வந்தார், நாடாளுமன்றத்துக்கும் போனார்.

அந்த அதிகாரிகள் அன்று பையைத் திறக்கத் தயங்கியிருந்தால்? இது சுங்கச் சோதனை, விமானப் பாதுகாப்புச் சோதனை வேறு என்பது உண்மைதான். ஆனால் ஆளைப் பார்த்துப் பையை விடும் பழக்கம் ஒரு மேசையில் தொடங்கினால் அடுத்த மேசைக்கும் வரும்.

எம்.பி. ஊழியரை அடிச்சா? ஊழியர் எம்.பி.யை அடிச்சா?

இரண்டும் குற்றமே, இரண்டும் நடந்திருக்கின்றன. 2017 மார்ச் 23 அன்று சிவசேனா எம்.பி. ரவீந்திர கெய்க்வாட் தில்லியில் ஏர் இந்தியா அதிகாரி ஒருவரைச் செருப்பால் அடித்தார், அதை அவரே ஒப்புக்கொண்டார். விமான நிறுவனங்கள் சேர்ந்து அவரை ஏற்ற மறுத்தன. அமைச்சருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதிய பிறகு ஏப்ரலில் தடை விலகியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒழுங்கீனப் பயணிகளுக்கான விதி வந்தது. வாய்த்தகராறுக்கு மூன்று மாதம் வரை, கைகலப்புக்கு ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான செயலுக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தடை.

மறுபக்கம், 2024 ஜூன் 6 அன்று சண்டிகர் விமான நிலையத்தில், எம்.பி.யாகத் தேர்வாகி இரண்டே நாளான கங்கனா ரனாவத்தை ஒரு பெண் காவலர் அறைந்தார். அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வழக்கும் பதிவானது. விவசாயிகள் போராட்டத்தைப் பற்றிக் கங்கனா பேசியதில் அந்தக் காவலருக்குக் கோபம் இருந்தது. சீருடையில் இருக்கும்போது அந்தக் கோபத்தைக் கையில் எடுக்க உரிமை கிடையாது.

என் அக்கா சி.ஐ.எஸ்.எஃப்.ல சேர்ந்திருக்கா சார். ஒரு எம்.பி.யை நிறுத்திட்டா உரிமை மீறல்னு அவ வேலையே போயிடாதா?

போன வருடம் ஒரு மாணவி கேட்டது. அவள் பயம் காரணமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அவைகளின் கை எவ்வளவு நீளும் என்று நமக்குத் தெரியும். 1987-ல் ஒரு நகைச்சுவைக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே விடுவித்தது. அரசு அதிகாரிகள் மரியாதைக் குறைவாக நடந்தால் விசாரிக்க மக்களவையில் தனிக் குழுவே இருக்கிறது. அது தேவையும்கூட, ஏனென்றால் மக்கள் பிரதிநிதியை அலட்சியம் செய்யும் அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் குழு கேட்கப்போவது மரியாதையைப் பற்றி. உன் அக்கா "வணக்கம் சார்" என்று சொல்லட்டும், குரலை உயர்த்தாமல் பேசட்டும், முடிந்தால் அவரை வரிசையில் முன்னால் விடட்டும். அவர் மறுத்தால் தானே வாதாடாமல் மேலதிகாரியைக் கூப்பிடட்டும். கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரைக் கருவி வழியே வரச் சொன்னதற்காக அவளைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. அவளைத் தள்ளிவிட்டாலோ அடித்தாலோ, பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆவது பிரிவு இருக்கிறது, அது எம்.பி.க்கும் பொருந்தும். இதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்றே அக்காவுக்கு போன் போட்டாள்.